வைரஸ் எப்படி இருக்கும், அதை எப்படி வகைப்படுத்துகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்பு மாணவர்கள், நர்சிங் படிப்பவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் இணையத்தில் தேடும் பெற்றோர் என்று பலரும் வைரஸ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வடிவங்களையும் குடும்பப் பெயர்களையும் மனப்பாடப் பட்டியலாகவே நம் பாடங்கள் தந்துவிடுகின்றன. அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். ஒரு வைரஸின் மரபுப்பொருள் எது, அதற்குக் கொழுப்பு உறை உண்டா என்ற இரண்டு செய்திகள் கையில் இருந்தால், அது எப்படிப் பரவும், எதற்கு அழியும், எவ்வளவு வேகமாக மாறும் என்பதில் பெரும்பகுதியை நாமே ஊகித்துவிடலாம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இரண்டையும் சுற்றியே வரும்.

ஒரு வைரஸ் எதனால் ஆனது?

குறைந்தபட்சம் இரண்டு பொருள்களால் ஆனது: உள்ளே மரபுப்பொருள், அதைச் சுற்றி ஒரு புரதக் கூடு. மரபுச் செய்தி டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கும், அல்லது ஆர்.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கும். புரதக் கூட்டுக்குக் கேப்சிட் என்று பெயர். அது கேப்சோமியர் என்ற சிறு சிறு அலகுகள் அடுக்கி அமைந்தது. சில வைரஸ்களுக்குக் கேப்சிடின் வெளியே கொழுப்பாலான ஓர் உறையும், அதில் குத்திட்டு நிற்கும் புரத முட்களும் இருக்கும். செல்லுக்கு வெளியே இருக்கும் முழுமையான வைரஸ் துகளை விரியான் என்கிறோம்.

இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். புரதம் செய்யும் ரைபோசோம் இல்லை, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா இல்லை, சைட்டோபிளாசம் இல்லை. புரதம் செய்ய வேண்டுமென்றால் யாருடைய செல்லுக்குள்ளாவது புகுந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு சிறியது? கண்ணுக்கே தெரியாததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

போலியோ வைரஸ் சுமார் 30 நானோமீட்டர் குறுக்களவு. கொரோனா வைரஸ் ஏறத்தாழ 100. பெரியம்மை வைரஸ் 300-ஐத் தாண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். சாதாரண நுண்ணோக்கியில் பாக்டீரியா தெரியும், பெரும்பாலான வைரஸ்கள் தெரியாது.

பார்ப்பதற்கு முன்பே இருப்பதை உணர்ந்துவிட்டார்கள். புகையிலையில் இலை திட்டுத்திட்டாக வெளிறும் தேமல் நோய் வரும். 1892-ல் ரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி, நோய்கண்ட இலைச் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயைத் தந்தது. 1898-ல் நெதர்லாந்தின் பைஜெரிங்க் அதே சோதனையைச் செய்து, இது பாக்டீரியா அல்ல, புதுவகை நோய்க்காரணி என்று துணிந்து சொன்னார். அதே ஆண்டு ஜெர்மனியில் லோஃப்ளரும் ஃப்ராஷும் மாடுகளின் கோமாரி நோய்க்கும் இப்படி வடிகட்டியைத் தாண்டும் ஒன்றே காரணம் என்று காட்டினார்கள். விலங்குகளில் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அது. மனிதரில் முதலாவது, 1901-ல் மஞ்சள் காய்ச்சல் வைரஸ்.

1935-ல் அமெரிக்காவின் வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கினார். நோய் பரப்பும் ஒன்று உப்பைப் போலப் படிகமாகிப் புட்டியில் கிடந்தது அன்றைய உலகை அதிர வைத்தது. அது முழுக்கப் புரதம் என்று அவர் எண்ணினார். அடுத்த ஆண்டே பாடனும் பிரியும் அதில் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் படம் 1939-ல் வெளிவந்தது: நேரான, மெல்லிய குச்சிகள்.

வைரஸ்களுக்கு ஏன் இவ்வளவு ஒழுங்கான வடிவங்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். வைரஸ் இயலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

அந்தப் புகையிலைத் தேமல் வைரஸையே எடுத்துக்கொள்வோம். நீளம் 300 நானோமீட்டர், பருமன் 18. அதன் ஆர்.என்.ஏ. இழையில் சுமார் 6,400 எழுத்துகள், அதாவது நியூக்ளியோடைடு என்ற அலகுகள். புரதத்தின் கட்டுமான அலகான ஒரு அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்துகள் வேண்டும். அப்படியானால் அந்த இழை முழுவதும் சேர்ந்தே இரண்டாயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்களுக்குத்தான் கட்டளை தர முடியும். அவ்வளவு சிறிய கையிருப்பை வைத்துக்கொண்டு, தன்னையே முழுக்க மூடும் அளவுக்குப் பெரிய கூட்டைச் செய்தாக வேண்டும்.

வழி ஒன்றுதான். ஒரே ஒரு சிறிய புரதத்துக்குக் கட்டளை எழுதி, அதையே ஆயிரக்கணக்கில் அடித்து அடுக்குவது. இந்த வைரஸின் கூட்டுப் புரதத்தில் 158 அமினோ அமிலங்கள். அதற்குச் செலவாவது 474 எழுத்துகள். அந்தப் புரதம் 2,130 முறை, சுற்றுக்குப் பதினாறு சொச்சமாக, சுருள் படிக்கட்டாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு புரதமும் ஆர்.என்.ஏ.வின் மூன்று எழுத்துகளைப் பிடித்துக்கொள்கிறது. 2,130-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 6,390 வரும். இழையின் நீளமே குச்சியின் நீளத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

ஆர்.என்.ஏ. குச்சியின் நடுத்துளையில் ஓடவில்லை, புரதங்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சுருண்டு பதிந்திருக்கிறது என்பதை எக்ஸ்-கதிர்ப் படங்களால் காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. படத்தோடு அவர் பெயரை நிறுத்திவிடுகிறார்கள். லண்டன் பர்க்பெக் கல்லூரியில் அவர் வைரஸ்களில் செய்த வேலை அதற்குக் குறைந்ததல்ல. 1955-ல் பெர்க்லியில் ஃபிரெங்கல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் இந்த வைரஸைப் புரதம் தனி, ஆர்.என்.ஏ. தனி என்று பிரித்து, மறுபடி ஒரே குழாயில் கலந்தார்கள். துகள்கள் தாமாகக் கூடின, நோயையும் உண்டாக்கின.

இப்படிச் சுருளாக அடுக்குவது ஒரு வழி. இதைச் சுருள் சீரமைவு என்கிறோம். இன்னொரு வழி, உருண்டையான கூடு. ஒரே மாதிரி அலகுகளால் மூடிய உருண்டை கட்டுவதற்கு மிகச் சிக்கனமான வடிவம் இருபது முக்கோண முகங்களும் பன்னிரண்டு முனைகளும் கொண்ட ஐகோசஹெட்ரான். அதில் அறுபது இடங்கள் ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்தவை. போலியோ வைரஸ் நான்கு விதப் புரதங்களை அறுபது அறுபதாக வைத்துத் தன் கூட்டைக் கட்டுகிறது. அறுபதைவிட அதிகமான அலகுகள் எப்படி அடுக்கப்படும் என்ற கணக்கை 1962-ல் காஸ்பரும் குளுக்கும் தந்தார்கள். அதன்படி ஹெர்பெஸ் வைரஸுக்கு 162 கேப்சோமியர்கள், அடினோ வைரஸுக்கு 252. ஆரன் குளுக்குக்கு 1982-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சில பாடநூல்கள் இந்த இருபது முக வடிவத்தைக் ‘கனசதுரச் சீரமைவு’ என்று எழுதுகின்றன. அதை வைத்துப் பகடைக்காய் வடிவத்தைக் கற்பனை செய்துவிட வேண்டாம். தேர்வில் அந்தச் சொல்லை எழுதலாம், மனதில் இருபது முகங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டிலும் அடங்காத வடிவங்கள் உண்டா?

உண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 ஃபேஜுக்கு நீண்ட இருபது முகத் தலை, சுருங்கக்கூடிய வால், அடித்தட்டு, ஆறு நீண்ட வால் இழைகள். இழைகளால் பாக்டீரியாவைத் தொட்டுப் பிடித்து, வால் சுருங்கி, டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே செலுத்தும். கூடு வெளியிலேயே நின்றுவிடும். பெரியம்மை வைரஸ் செங்கல் வடிவம். ரேபிஸ் துப்பாக்கிக் குண்டு வடிவம், எபோலா நீண்ட நூல். இவை இரண்டும் வெளியே வேறு மாதிரித் தெரிந்தாலும் உள்ளே சுருள் சீரமைவுதான்.

கொழுப்பு உறை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அன்றாட வாழ்க்கைக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இந்தப் பக்கத்தில் இல்லை.

உறை வைரஸின் சொந்தச் சொத்து இல்லை. செல்லை விட்டு வெளியேறும்போது அந்தச் செல்லின் சவ்வையே ஒரு துண்டு போர்த்திக்கொண்டு வருகிறது. இன்ஃபுளுயன்சா செல்லின் வெளிச்சவ்வை எடுத்துக்கொள்ளும். கொரோனா செல்லுக்குள் இருக்கும் சவ்வு அறைகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். கொழுப்பைச் சோப்பு கரைக்கும், ஆல்கஹால் குலைக்கும், உலர்ந்தாலும் கெடும். உறை போனால் அதில் பதிந்த முட்களும் போகும், செல்லைப் பிடிக்க வழி இருக்காது. 2020-ல் கை கழுவு, கிருமிநாசினி தடவு என்று ஊரெல்லாம் சொன்னதற்கு அடிப்படை இதுதான்.

உறை இல்லாதவை தோற்றத்தில் எளியவை, ஆனால் முரட்டுத்தனமானவை. போலியோ, ஹெபடைடிஸ் ஏ, ரோட்டா, நோரோ ஆகிய நான்குக்கும் உறை கிடையாது. அதனால் இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டிக் குடலுக்குப் போய், மலத்தில் வெளியேறி, தண்ணீரில் நாள்கணக்கில் தாக்குப்பிடித்து அடுத்தவர் வாய்க்குப் போக முடிகிறது. போலியோ இருக்கிறதா என்று சாக்கடை நீரைச் சோதிப்பதும் இதனால்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் சானிடைசரை நம்பி இருந்துவிடாதீர்கள். நோரோ, ரோட்டா போன்றவற்றில் ஆல்கஹாலின் வேலை அரைகுறை. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் துகள்கள் கையைவிட்டே போய்விடும்.

விதிவிலக்கும் உண்டு. ஹெபடைடிஸ் பி உறை கொண்டது, இருந்தும் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் வீரியத்தோடு இருக்கும். சவரக் கத்தி, ஊசி, பச்சை குத்தும் கருவி ஆகியவற்றைப் பொதுவில் பயன்படுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

வெளியே உள்ள முட்கள் எதற்கு?

செல்லின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிப்பதற்கு. எந்த உயிரினத்தை, எந்த உறுப்பைத் தாக்கும் என்பதைப் பெருமளவு இவை தீர்மானிக்கின்றன. இன்ஃபுளுயன்சா ஏ-யில் இரண்டு முட்கள்: எச் எனப்படும் ஹீமக்ளூட்டினின் உள்ளே நுழைய, என் எனப்படும் நியூராமினிடேஸ் வெளியேற. எச்1என்1, எச்5என்1 என்ற பெயர்கள் இவற்றின் வகை எண்கள்தான். நம் உடல் செய்யும் எதிர்ப்புப் புரதங்களும் பெரும்பாலும் முட்களையே குறிவைக்கும்.

பால்டிமோர் வகைப்பாடு என்றால் என்ன? எளிமையாகச் சொல்ல முடியுமா?

நம் ரைபோசோமுக்கு ஒரு மொழிதான் புரியும்: தூது ஆர்.என்.ஏ. எந்த வைரஸாக இருந்தாலும் கடைசியில் தூது ஆர்.என்.ஏ.வை உருவாக்கித் தந்தால்தான் புரதம் கிடைக்கும். தன்னிடம் உள்ள மரபுப்பொருளிலிருந்து அந்த இடத்துக்கு எந்த வழியில் போகிறது? 1971-ல் டேவிட் பால்டிமோர் இந்த ஒரு கேள்வியை வைத்தே வைரஸ்களைப் பிரித்தார். முதலில் ஆறு வகுப்புகள். ஏழாவது பின்னால் சேர்ந்தது.

முதல் வகுப்பு, இரட்டை இழை டி.என்.ஏ. நம் செல்லின் வழியேதான் இதன் வழியும். ஹெர்பெஸ், அடினோ, பாப்பிலோமா, பெரியம்மை எல்லாம் இங்கே. இரண்டாவது, ஒற்றை இழை டி.என்.ஏ.; முதலில் இரட்டை இழையாக்கிக்கொள்ளும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் இந்த வகை. மூன்றாவது, இரட்டை இழை ஆர்.என்.ஏ.; ரோட்டா வைரஸ், பதினொரு துண்டுகளாக.

நான்காவதும் ஐந்தாவதும்தான் பலரைக் குழப்புகின்றன. இரண்டிலும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ., ஒன்று நேர் இழை, மற்றது எதிர் இழை. ரப்பர் ஸ்டாம்பில் எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும்; தாளில் குத்தினால்தான் படிக்க முடியும். எதிர் இழை அந்த ஸ்டாம்ப், நேர் இழை குத்திய தாள். நேர் இழை உள்ளே போனவுடன் ரைபோசோம் அதை அப்படியே படித்துப் புரதம் செய்யத் தொடங்கிவிடும். போலியோ, டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா இந்த நான்காம் வகுப்பு. எதிர் இழையை ரைபோசோம் படிக்காது. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி நம் செல்லின் வழக்கமான வேலையில் இல்லாததால், ஐந்தாம் வகுப்பு வைரஸ்கள் அந்த நொதியைத் துகளுக்குள்ளேயே எடுத்து வருகின்றன. இன்ஃபுளுயன்சா, தட்டம்மை, ரேபிஸ், நிபா, எபோலா இந்த வகை. போலியோவின் ஆர்.என்.ஏ.வை மட்டும் தனியே பிரித்துச் செல்லுக்குள் செலுத்தினாலும் புது வைரஸ்கள் பிறக்கும், ரேபிஸின் ஆர்.என்.ஏ.வை மட்டும் செலுத்தினால் ஒன்றும் நடக்காது.

ஆறாவது எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி நம் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடும். அப்படித் திருப்பி எழுதும் நொதியை 1970-ல் பால்டிமோரும் ஹோவர்ட் டெமினும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1975 நோபல் அதற்காக. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-ல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வில் தெரியவந்தது; ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. ஏழாவது ஹெபடைடிஸ் பி. துகளில் இருப்பது டி.என்.ஏ., ஆனால் பெருகும்போது நடுவில் ஆர்.என்.ஏ.வாக மாறி மறுபடி டி.என்.ஏ.வாகத் திரும்பும்.

வடிவங்களுக்கு முன்னால் இந்த ஏழையும் சொல்லித் தரலாம் என்பது என் கருத்து. இதில் மனப்பாடம் குறைவு.

ஆர்.என்.ஏ. வைரஸ்கள் எல்லாமே வேகமாக மாறுமா?

பொதுவாக ஆம். ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிகள் பிழை திருத்துவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 30,000 எழுத்து நீளம், போலியோவைப் போல நான்கு மடங்கு. அவ்வளவு நீளத்தைப் பிழையோடு நகலெடுத்தால் தாங்காது. அதனால் அதற்குத் தனியாக ஒரு பிழை திருத்தும் நொதி உண்டு.

இன்ஃபுளுயன்சாவின் கதை வேறு. அதன் ஆர்.என்.ஏ. எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே நேரத்தில் நுழைந்தால் துண்டுகள் கலந்து புதுச் சேர்க்கை பிறக்கும். 1957, 1968 உலகப் பரவல்கள் அப்படி வந்தவைதான். தட்டம்மையும் ஆர்.என்.ஏ. வைரஸ், ஆனால் துண்டு துண்டாக இல்லை. அதன் முட்களும் மாற்றத்தைத் தாங்காதவை. 1954-ல் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸின் வழிவந்த தடுப்பூசி இன்றும் வேலை செய்கிறது. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும், தட்டம்மை ஊசி குழந்தைப் பருவத்தில் மட்டும் என்பதற்குப் பின்னால் இந்த அமைப்பு வேறுபாடு நிற்கிறது.

டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே கொசுவால் வருகின்றன. ஒரே குடும்பம்தானே?

இல்லை. இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசு, இரண்டும் உறை கொண்ட நேர் இழை ஆர்.என்.ஏ. வைரஸ்கள். ஆனால் டெங்கு ஃபிளேவிவிரிடே, சிக்குன்குனியா டோகாவிரிடே. மரபணுக்களின் வரிசையே வேறு. டெங்குவின் குடும்பத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இருக்கிறது, அதைப் பரப்புவது கியூலெக்ஸ் கொசு. அதே குடும்பத்தில் 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் குரங்குகள் இறந்து விழுந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலும் இருக்கிறது, அதைப் பரப்புவது உண்ணி. எது சுமந்து வருகிறது என்பதை வைத்து உறவு சொல்ல முடியாது.

பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றும் உறவா?

தோலில் கொப்புளமோ தடிப்போ வருவது தவிர உறவில்லை. பெரியம்மை பாக்ஸ் குடும்பம். 1980-ல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சின்னம்மை ஹெர்பெஸ் குடும்பம். குணமான பிறகும் நரம்பு முடிச்சுகளில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து அக்கியாகக் கிளம்புவது அந்தக் குடும்பத்தின் குணம். தட்டம்மை பாராமிக்ஸோ குடும்பம். பொன்னுக்கு வீங்கியும், 2018-ல் கோழிக்கோட்டில் உயிர்களைப் பறித்த நிபாவும் அதே குடும்பம்தான். ரூபெல்லா இவை எதிலும் சேராமல் மேட்டோனாவிரிடே என்ற தனிக் குடும்பத்தில் இருக்கிறது.

மஞ்சள் காமாலை வைரஸ்கள் ஏ முதல் ஈ வரை ஒரே வைரஸின் வகைகளா?

ஐந்தும் ஐந்து வைரஸ்கள். தாக்கும் உறுப்பு கல்லீரல் என்பதால் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். ஏ, போலியோவின் உறவு, ஈ, ஹெப்பிவிரிடே. குடிநீர் வழியாகவும் உணவு வழியாகவும் வருவதற்கேற்ப இரண்டும் உறையின்றி மலத்தில் வெளியேறுபவை. பி, ஹெபட்னாவிரிடே, சி, நீண்ட காலமாக டெங்குவோடு ஃபிளேவிவிரிடேவில் வைக்கப்பட்டு வந்தது. இரண்டும் ரத்தத்தின் வழி பரவுபவை, உறை கொண்டவை. டி விசித்திரமானது: சுமார் 1,700 எழுத்துள்ள வட்ட ஆர்.என்.ஏ. தனக்கென்று உறைப் புரதம் கிடையாது, பி-யின் உறைப் புரதத்தை எடுத்துப் போர்த்திக்கொள்ளும். பி இல்லாத உடலில் டி பரவ முடியாது. அதனால் பி தடுப்பூசி போட்டவருக்கு டி-யிலிருந்தும் பாதுகாப்பு.

அதிகாரபூர்வமான வகைப்பாட்டை யார் செய்கிறார்கள்?

ஐ.சி.டி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு. 1966-ல் மாஸ்கோவில் நடந்த நுண்ணுயிரியல் மாநாட்டில் தொடங்கியது. வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று அடுக்குகிறார்கள். பெயரின் முடிவிலேயே படிநிலை தெரியும்: ‘விரிடே’ என்றால் குடும்பம், ‘வைரஸ்’ என்றால் பேரினம். மேலே ‘விரியா’ என்று முடியும் பெரும்பிரிவுகள். 2021-க்குள் அவை ஆறு ஆயின. நொதிகளால் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் வைரஸ்களும் திருப்பி எழுதுபவையும் சேர்ந்த ரைபோவிரியா அவற்றுள் ஒன்று. இப்போது 14,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பட்டியலில் உள்ளன.

செடிகளைப் போல இரட்டைப் பெயரும் வந்துவிட்டது. கோவிட் வைரஸின் சிற்றினம் பீட்டாகொரோனாவைரஸ் பாண்டமிகம், ரேபிஸுக்கு லிஸ்ஸாவைரஸ் ரேபிஸ். பால்டிமோர் முறை இதற்குப் போட்டி இல்லை. அது பெருகும் வழியைச் சொல்கிறது, இது பரம்பரை உறவைச் சொல்கிறது. குழு பெயர்களை அடிக்கடி திருத்துவதால் பழைய புத்தகத்தில் வேறு பெயர் இருந்தால் கலங்க வேண்டாம்.

செடிகளைத் தாக்கும் வைரஸ்களும் இப்படித்தானா?

அமைப்பில் அதே விதிகள். ஆனால் செடி செல்லுக்குத் தடித்த செல் சுவர் இருப்பதால் முட்களால் பிடித்து நுழைவது அங்கே பலிக்காது. காயம் வழியாகவோ பூச்சியின் வாய் வழியாகவோதான் நுழைய வேண்டும். அதனால் பெரும்பாலான செடி வைரஸ்களுக்கு உறையும் இல்லை.

வாழையின் முடிக்கொத்து நோயைக் கொஞ்சம் கிட்டே பார்க்கலாம். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விருப்பாச்சி மலைவாழையை அழித்துத் தீர்த்த நோய் இது. இலைக்காம்பையும் நடுநரம்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் விட்டு விட்டுத் தெரியும். பிறகு வரும் இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளாகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். தார் வராது. காரணமான வைரஸ் 20 நானோமீட்டருக்கும் குறைவான உருண்டை. அதன் மரபுப்பொருள் ஆறு வட்ட ஒற்றை இழை டி.என்.ஏ.க்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்து. ஆறும் ஒரே கூட்டில் இல்லை, தனித்தனிக் கூடுகளில் பிரிந்து கிடக்கின்றன. வாழை அசுவினி சாறு உறிஞ்சும்போது அவற்றைச் சேர்த்துக் கொண்டு போகிறது. நோய்கண்ட மரத்தின் பக்கக்கன்றை எடுத்து நட்டாலும் வைரஸ் கூடவே வரும். மருந்து கிடையாது, கிழங்கோடு தோண்டி அழிப்பதும், சுத்தமான திசு வளர்ப்புக் கன்று நடுவதும்தான் வழி.

வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலும் மரவள்ளித் தேமலும் ஜெமினி வைரஸ்களால் வருபவை. இரண்டு உருண்டைகள் ஒட்டிய இரட்டை வடிவம். இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ.

வைரஸைவிட எளியது ஏதேனும் உண்டா? பெரியது?

எளியது வைராய்டு. புரதக் கூடே இல்லாத வெறும் வட்ட ஆர்.என்.ஏ. 1971-ல் தியோடர் டீனர் உருளைக்கிழங்கில் கண்டது 359 எழுத்து. பிலிப்பைன்ஸில் தென்னந்தோப்புகளை அழித்த கடாங்-கடாங் நோய்க்கும் ஒரு வைராய்டுதான் காரணம். பிரியான் அதற்கு நேர்மாறு: மரபுப்பொருளே இல்லாத, தவறாக மடிந்த புரதம்.

பெரியது என்றால் மிமி வைரஸ். 1992-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு குளிர்விப்புக் கோபுரத் தண்ணீரில் அமீபாவுக்குள் கிடைத்ததைப் பாக்டீரியா என்றே எண்ணினார்கள். வைரஸ் என்று 2003-ல்தான் தெரிந்தது. அதன் டி.என்.ஏ. பன்னிரண்டு லட்சம் எழுத்து. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும்.

வைரஸுக்கு உயிர் உண்டா இல்லையா?

செல்லுக்கு வெளியே உண்பதில்லை, வளர்வதில்லை, பெருகுவதில்லை. உள்ளே போனால் பெருகும், மாறும், பரிணமிக்கும். உயிர் என்பதற்கு எந்த வரையறையை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். தேர்வில் இரு பக்கப் பண்புகளையும் எழுதுங்கள்.

வைரஸ் காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் ஏன் பயன்படாது?

ஆண்டிபயாடிக்குகள் தாக்குவது பாக்டீரியாவின் செல் சுவரை, பாக்டீரியாவின் ரைபோசோமை, அதன் நொதிகளை. வைரஸில் அவை இல்லை. வைரஸுக்கு மருந்து வேண்டுமென்றால் அந்த வைரஸுக்கே உரிய ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டும், அதற்கு அதன் வகை தெரிய வேண்டும். ஓசெல்டாமிவிர் ஃப்ளூவின் நியூராமினிடேஸ் முள்ளை முடக்கும். டெங்குவில் அந்த முள்ளே இல்லாததால் அங்கே அது உதவாது.

எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் வெளிப்பார்வைக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஒன்று நோய் எதிர்ப்புச் செல்லைத் தாக்குகிறது, மற்றது கல்லீரலை, ஒன்று ஆர்.என்.ஏ., மற்றது டி.என்.ஏ. ஆனால் பால்டிமோரின் ஆறாவதும் ஏழாவதும் அடுத்தடுத்து நிற்பவை, இரண்டிலும் திருப்பி எழுதும் நொதி உண்டு. அதனால் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் இரண்டு நோய்க்கும் கேட்கின்றன. இரு தொற்றும் சேர்ந்து உள்ளவர் இந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிட்டால், அதுவரை அடங்கியிருந்த ஹெபடைடிஸ் பி கல்லீரலில் கடுமையாகக் கிளம்பிவிடும்.